எங்கள் குடும்பமே கச்சர்

நான் பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தவன் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். "துப்பாக்கியா சார், பீரங்கியா?" என்று கேட்பார். நான் பேச்சை மாற்றப் பார்ப்பேன். வெயிலைப் பற்றிச் சொல்வேன். எண்ணூர் ரோட்டில் நிற்கிற கண்டெய்னர் லாரிகளைப் பற்றிச் சொல்வேன். அவர் விடமாட்டார். கடைசியில் ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிடும்.

"கோவேறு கழுதைங்க."

அதற்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு மரியாதை இருக்கும் பாருங்கள், அதைப் பார்த்தால் வந்த வழியே திரும்பிப் போய்விடலாம் போலிருக்கும்.

ராயபுரத்தில் பிறந்து, கப்பலின் சங்கொலி கேட்டுப் பல் விளக்கி வளர்ந்த ஒருவன், வாழ்நாளில் பாதியை ஏன் மலைமேல் கோவேறு கழுதையின் வாலுக்குப் பக்கத்தில் கழித்தான்? விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் காரணம் விதி அல்ல. எனக்கு இந்தி தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம்.

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பேண்டு வாசிப்பவர்கள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். வேலை முடிந்து வந்து கையைக் கழுவினால் டிரம்பெட்டைத்தான் எடுப்பார். சித்தப்பா பெரிய டிரம். அண்ணன் சின்ன டிரம். கோயில் திருவிழா, கல்யாணம், சாவு, குருத்தோலை ஞாயிறு பவனி, எதுவானாலும் எங்கள் செட்டுதான். வாசிக்கப் போவதை எங்கள் வீட்டில் கச்சேரி என்போம். "நைனா எங்கடா?" என்றால் "கச்சேரிக்குப் போய்கீது" என்பது பதில். நானும் டிரம்பெட் ஊதுவேன். (ஊதினேன் என்று நான் சொல்கிறேன். கேட்டவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.)

ஒரு முறை ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் மைதானத்துக்கு நண்பன் ஒருவனுக்குத் துணையாகப் போனேன். அங்கே ராணுவ பேண்டு ஒன்று வாசித்தது. தோளில் தங்கக் கயிறு, கையில் வெள்ளை உறை, முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்த டிரம்பெட். நண்பன் மூச்சிரைக்க மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். நான் பேண்டையே பார்த்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினேன். அவன் தோற்றுவிட்டான். நான் தேறிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது நைனா கேட்ட ஒரே கேள்வி, "பேண்டுல போடுவானா?"

"போடுவான் நைனா."

"சும்மா டுமீல் டுமீல்னு சுட்டுகினு திரியாத. பேண்டு கேளு. தைரியமா கேளு."

சரி என்று ரயில் ஏறினேன். வடக்கே, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பயிற்சி மையம். அங்கே எல்லாமே இந்தி. எனக்குப் பயமே இல்லை. ஏனென்றால் ரயிலிலேயே நான் ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்து முடித்திருந்தேன். நாம் தோஸ்து என்கிறோம், அவர்கள் தோஸ்த் என்கிறார்கள். நாம் பேஜாரு, அவர்கள் பேஜார். நமக்குத் தமாசு, அவர்களுக்குத் தமாஷ். நாஷ்டா, ஜல்தி, உஷார் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆகவே இந்தி என்பது வேறொன்றுமில்லை. ராயபுரம் பாஷையின் வாலை நறுக்கினால் இந்தி. இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். சோறு கேட்டால் சோறு வந்தது, தண்ணீர் கேட்டால் தண்ணீர் வந்தது. தெரியாத வார்த்தை வந்தால் "ஜீ சாப்" என்று சொல்லி நெஞ்சை நிமிர்த்தினால் போதும். இந்தி பண்டிதர் ஆகிவிட்டேன் என்றே நம்பினேன்.

அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் யார் எந்த வேலைக்கு என்று பிரிக்கும் நாள் வந்தது. எங்கள் மையத்தில் லாரி ஓட்டுவது, சமையல், கிடங்கு, பேண்டு என்று பல பிரிவுகள். ஒரு மேஜர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு கிளார்க். ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு முன்னால் நின்ற பையன் உள்ளே போனான். கதவு திறந்தே இருந்தது. மேஜர் அவனிடம் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

"கச்சர் கே சாத் காம் கரோகே?"

பையன் இரண்டு கையையும் கூப்பிவிட்டான். "நஹி சாப், நஹி!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாத் என்றால் கூட. காம் என்றால் வேலை. மீதி என்ன? கச்சர். கச்சேரியின் வாலை நறுக்கினால் கச்சர்! கச்சேரி வேலைக்குப் போகிறாயா என்று கேட்கிறார், இந்த மடையன் வேண்டாம் என்கிறான்! அடுத்தவனும் வேண்டாம் என்றான். அவனுக்கு அடுத்தவனும். எல்லோரும் வேண்டாம் என்பதை ஆண்டவர் எனக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று மனதுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

(கச்சர் என்றால் இந்தியில் கோவேறு கழுதை. லாரி போகாத மலைகளுக்குச் சாமான் சுமக்க எங்கள் பிரிவில் ஒரு பெரிய மந்தையே உண்டு. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல்தான் மேஜர் அன்று காலையிலிருந்து தொண்டை வற்றிப்போய் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.)

மேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார். "கச்சர் கே சாத் காம் கரோகே?"

"ஜீ சாப்! பஹுத் குஷி சாப்!"

அவர் பேனா நின்றது. தலையை உயர்த்தினார். ஏற்கெனவே செய்திருக்கிறாயா என்று கேட்டார்.

"பச்பன் சே, சாப்!" சின்ன வயதிலிருந்தே.

"கஹான்?" எங்கே?

"சர்ச், சாப்!"

மேஜர் குழம்பிப்போனார். கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் கூரையைப் பார்த்தார். அப்புறம் மேஜரின் முகம் மெல்ல மலர்ந்தது. கான்வென்டில் படித்தவராக இருக்க வேண்டும். "ஆ! ஜீசஸ்! பாம் சண்டே!" என்றார். இயேசு கழுதைமேல் ஏறி எருசலேம் போன கதை அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. எனக்கோ ஒரே ஆனந்தம். குருத்தோலை ஞாயிறுக்கு நாங்கள் வாசிப்பது இவ்வளவு தூரம் தெரிந்திருக்கிறதே!

"எஸ் சாப்! பாம் சண்டே, ஈஸ்டர், மேரேஜ், டெத். சப் கச்சர்!"

"டெத்?" என்றார் மேஜர், கண்ணை அகல விரித்து.

"டெத் மே டபுள் கச்சர், சாப்!" (பெரிய சாவு என்றால் இரண்டு செட் வைப்பார்கள்.)

வீட்டில் யார் யார் என்று கேட்டார். இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். குதிகால்களை ஒன்று சேர்த்து, குரலை உயர்த்தி, பக்கத்து அறைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"மேரா பாப் கச்சர், சாப்! சாச்சா கச்சர்! பாய் கச்சர்! கர் மே சப் கச்சர்!"

என் அப்பா கோவேறு கழுதை. சித்தப்பா கோவேறு கழுதை. அண்ணன் கோவேறு கழுதை. வீட்டில் எல்லோருமே கோவேறு கழுதைகள்.

கிளார்க் மேசைக்கு அடியில் குனிந்தார். பேனா விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். வெகு நேரம் தேடினார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மேஜர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அவுர் தும்?" என்றார். நீ?

அடக்கமாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நைனா தைரியமாகக் கேள் என்று சொல்லி அனுப்பியிருந்தாரே.

"மே நம்பர் ஒன் கச்சர், சாப்!"

மேஜர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணில் தண்ணீர். அது சிரிப்பால் வந்ததா, இத்தனை காலத்தில் தானாகவே முன்வந்த முதல் ஆள் கிடைத்துவிட்டானே என்ற நெகிழ்ச்சியால் வந்ததா, இன்று வரை எனக்குத் தெரியாது. என் பெயருக்கு எதிரே கிளார்க் நீளமாக ஏதோ எழுதினார்.

அன்று மாலையே டெலிபோன் பூத்துக்கு ஓடினேன்.

"நைனா! கச்சேரி கெட்ச்சிருச்சு!"

மறுமுனையில் நைனா யாரிடமோ கத்துவது கேட்டது. "டேய், அந்த டிரம்ம எடுறா!" அன்று ராயபுரத்தில் எங்கள் தெருவைச் சுற்றி பேண்டு வாசித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். எதிரே வந்தவர்களிடம் எல்லாம் நைனா நின்று நின்று, "புள்ள ராணுவ பேண்டு. இனிமே டிவில பாக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். பங்குச் சாமியார் என் பெயரைச் சொல்லி ஜெபம் வேறு செய்திருக்கிறார்.

மறுநாள் விடியும்போதே "கச்சர் லைன்" வரச் சொல்லி உத்தரவு. கஞ்சி போட்ட சீருடை, முகம் பார்க்கும் பளபளப்பில் பூட்ஸ். உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டே போனேன். லைன் நெருங்க நெருங்க ஒரு வாசனை வந்தது. கலீஜான வாசனை. பேண்டு அறையை ஏதோ மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து உள்ளே நுழைந்தேன். இரண்டு வரிசையாக நின்ற நாற்பது நீளக் காதுக்காரர்கள் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அங்கே மலைநாட்டுக்காரரான ஒரு ஹவில்தார் நின்றிருந்தார். அவர் மீசையின் இரண்டு முனையும் காதைத் தொட்டன. சல்யூட் அடித்துவிட்டு, "பேண்ட், சாப்?" என்று கேட்டேன். பேண்டு எங்கே என்ற அர்த்தத்தில்.

"ஹான் ஹான், பாந்த்!" என்று சொல்லி ஒரு கயிற்றை என் கையில் திணித்தார்.

இந்தியில் பாந்த் என்றால் கட்டு. அவரைப் பொறுத்தவரை, வந்ததும் வராததுமாகக் கட்டட்டுமா என்று கேட்கிற சுறுசுறுப்பான பையன் நான். கயிற்றின் மறுமுனையைப் பார்த்தேன். அங்கே ஒரு பெரிய கறுப்புக் கோவேறு கழுதை நின்று என் பூட்ஸை முகர்ந்துகொண்டிருந்தது.

"பேண்ட், சாப்," என்றேன் மறுபடியும், கொஞ்சம் பரிதாபமாக.

"பாந்த்! பாந்த்!" என்றார் அவர், கொஞ்சம் கோபமாக.

கட்டச் சொல்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. எங்கே கட்டுவது என்று தெரியாததால் என் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். ஹவில்தார் திரும்பிப் பார்த்து "அரே!" என்று அலறினார்.

அதன் பெயர் பிஜிலி. தீபாவளிக்கு நாம் கொளுத்துகிற அதே பிஜிலி. பெயரைச் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். அவர் போட்ட சத்தத்தில் அது பற்றிக்கொண்டது.

முதல் பத்தடி நானும் கூடவே ஓடினேன். அடுத்த பத்தடி என் பூட்ஸ் மட்டும் ஓடியது. அதன் பிறகு நான் தரையில் இருந்தேன். கொட்டகையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, சமையல்காரர்களின் வெங்காய மூட்டைகளைத் தாண்டி, பிஜிலி என்னை நேராக அணிவகுப்பு மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே மையத்தின் தலைமை அதிகாரி முன்னிலையில் விழா ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நடுவில், தோளில் தங்கக் கயிறும் கையில் வெள்ளை உறையுமாக, நான் மூன்று மாதமாகத் தேடிய பேண்டு.

பேண்டு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. வயிற்றால் தேய்த்துக்கொண்டு அதற்குள் நுழைந்தேன் என்பதுதான் வித்தியாசம்.

டிரம்பெட்காரர்கள் சிதறினார்கள். பெரிய டிரம் கழன்று தன் வழியில் உருண்டு போனது. ஆனால் சின்ன டிரம்காரர் ஒருவர், நல்ல ஒழுக்கம் உள்ளவர், கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை வாசித்தார். பிஜிலி நேராக மேடை வரை போய், மேசைமேல் வைத்திருந்த சாமந்தி மாலையைத் தின்ன ஆரம்பித்தது. அதன் பின்னால், கயிற்றின் மறுமுனையில், தலைமை அதிகாரியின் காலடியில் நான். படுத்தபடியே சல்யூட் அடித்தேன்.

"யார் இவன்?"

மேஜர் ஓடி வந்தார். பரம்பரை பரம்பரையாகக் கோவேறு கழுதை வளர்க்கும் குடும்பத்துப் பையன் என்று பெருமையாகச் சொன்னார். தலைமை அதிகாரி என்னைப் பார்த்தார். பிஜிலியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "தமிழ் தெரிந்த யாரையாவது கூப்பிடுங்கள்," என்றார்.

கிடங்கில் வேலை செய்த பழனி என்ற வேலூர்க்காரர் வந்தார். நான் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். கச்சேரி, வால் நறுக்கும் கொள்கை, பாம் சண்டே, எல்லாம். பாதியிலேயே பழனியண்ணன் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி முன்னால் உட்காரக்கூடாது. அவரால் நிற்க முடியவில்லை.

"டேய் தம்பி, ஆபீசர்கிட்ட நீ இன்னா சொல்லிக்கிறனு தெரியுமா? உங்கப்பன் கோவேறு கழுதை, உங்க சித்தப்பன் கோவேறு கழுதை, நீ நம்பர் ஒன் கோவேறு கழுதைனு சொல்லிக்கிறடா!"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. நைனா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாரே என்பதுதான் முதலில் தோன்றியது. சிராய்ப்பெல்லாம் அதற்குப் பிறகுதான் எரிய ஆரம்பித்தது.

தலைமை அதிகாரி நல்ல மனிதர். பையன் பேண்டுக்காக வந்தவன் என்றால் ஊதிக் காட்டட்டும், நன்றாக இருந்தால் பேண்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அங்கேயே ஒரு டிரம்பெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் ஆயுசில் அப்படி ஒரு டிரம்பெட்டைக் கையில் பிடித்ததில்லை. வாயில் வைத்தேன். தரையில் தேய்ந்துகொண்டு வந்ததில் என் மேலுதடு மெதுவடை அளவுக்கு வீங்கியிருந்தது. மாதாவை வேண்டிக்கொண்டு முழுமூச்சாக ஊதினேன்.

வந்த சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. ஆனால் அது சத்தமாக வந்தது, நீளமாக வந்தது, நடுவில் ஒரு முறை உடைந்து மறுபடி மேலேறியது. மைதானமே அமைதியானது.

அந்த அமைதியில் பிஜிலி மாலையை விட்டுத் தலையை உயர்த்தி, அப்படியே அதே சத்தத்தில் பதில் சொன்னது. தூரத்துக் கொட்டகையிலிருந்து மீதி முப்பத்தொன்பதும் சேர்ந்துகொண்டன.

பேண்டு மாஸ்டர் என் கையிலிருந்து டிரம்பெட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார். தலைமை அதிகாரி தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு, "லைனுக்குப் போ," என்றார். பழனியண்ணன் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை.

அன்று ராயபுரத்துக்கு மறுபடி போன் செய்தேன்.

"நைனா, பேண்டு இல்ல நைனா. டிரான்ஸ்போர்ட்டு."

"டிரான்ஸ்போர்ட்டா? பரவால்ல, வண்டி ஓட்டு. பெர்ய வண்டியா? எத்தினி வீலு?"

"வீலு இல்ல நைனா."

"வீலு இல்லாம இன்னாடா வண்டி?"

"நாலு காலு நைனா."

நான் விஷயத்தைச் சொன்னேன், 'மேரா பாப்' பகுதியை மட்டும் விட்டுவிட்டு. நைனா மெல்லக் கேட்டார், "தெருவே டிவிய பாத்துகினு கீதுடா. நான் இன்னா சொல்லுவேன்?" ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் அவர் போனுக்கே வரவில்லை.

அம்மா வேறு ரகம். "அது ஒதைக்குமாடா?" என்றாள்.

"ஒதைக்கும்மா."

"கடிக்குமா?"

"கடிக்கும்."

"அப்போ பின்னாடியும் நிக்காத, முன்னாடியும் நிக்காத. சைடுல நில்லு."

அடுத்த மூன்று வாரம் அந்த மீசை ஹவில்தார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த மொத்தப் பாடமும் இதுதான்.

சைடில் நின்று பழகினேன். பிறகு பிஜிலியோடு மலைக்குப் போனேன். பனி விழுந்து பாதை மறைந்துபோன இடங்களில் எனக்குத் தெரியாத வழி அதற்குத் தெரிந்தது. அது கால் வைக்காத இடத்தில் நானும் கால் வைக்கவில்லை. அதனால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன். மேலே காவலில் இருந்த பையன்கள் எங்களைத் தூரத்தில் பார்த்ததும் துள்ளுவார்கள். மண்ணெண்ணெயும் மாவும் வீட்டுக் கடுதாசியும் அதன் முதுகில்தான் வரும். ஒரு நாள் பனியில் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். நைனா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு டிரம்பெட் மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பதாக அம்மா சொன்னாள்.

என் கல்யாணத்துக்குப் பழனியண்ணன் வேலூரிலிருந்து வந்தார். வந்தவர் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். மைக்கை வாங்கி, கோட்டு சூட்டோடு நான் மேடையில் நிற்க, முழுக் கதையையும் சொல்லிவிட்டார். 'மேரா பாப்' பகுதியை மூன்று முறை சொன்னார். மண்டபமே குலுங்கியது. என் மனைவி, அவளுக்கு என்னைத் தெரிந்து அப்போது நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நைனா முதல் வரிசையிலிருந்து எழுந்தார். சிரிப்பு நின்றது. நேராக மைக்குக்கு வந்தார்.

"அப்போ, நான் கய்தைனு கவுருமென்டுல சொல்லிகீறானா?"

"கழுதை இல்லீங்க," என்றார் பழனியண்ணன் பயந்துபோய். "கோவேறு கழுதை."

"அது ஒஸ்தியா?"

"ரொம்ப ஒஸ்திங்க. தனி ரேஷன், தனி டாக்டரு, நம்பரெல்லாம் உண்டு."

நைனா யோசித்தார். "எழுதிகினாங்களா?"

"எழுதிட்டாங்க. ரெக்கார்டுல கீதுங்க. பரம்பரைத் தொழில் கோவேறு கழுதைனு."

"சரி வுடு," என்று சொல்லிவிட்டு நைனா டிரம்பெட்டை எடுத்தார்.

இப்போது நான் ஓய்வு பெற்று வந்துவிட்டேன். எண்ணூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் காவல் மேற்பார்வை. திருவொற்றியூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்கள் நிறைய பேர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார்கள். நைனாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காலையில் டீக்கடையில் அந்தப் பையன்களோடு போய் நிற்பார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு இந்தி வாக்கியம். பழனியண்ணனிடம் போனில் கேட்டு, இலக்கணப் பிழை இல்லாமல் கற்றுக்கொண்டது. புதிதாக யார் வந்தாலும் கையை நீட்டி, நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார்.

"மே கச்சர் ஹூன்."

நான் கோவேறு கழுதை. பாவம், பையன்கள் டீயைச் சிந்திவிடுவார்கள். போன வாரம் நான் கையைப் பிடித்து இழுத்து, "ஏன் நைனா மானத்த வாங்கற?" என்றேன்.

"இன்னாடா பண்ணச் சொல்ற?" என்றார் நைனா. "நீ கவுருமென்டுல அப்டி சொல்லிகீற. நான் வேற மாதிரி சொன்னா நாளைக்கு உன் பென்சன்ல பேஜாரு பண்ணுவான்."